கணையம், பீட்டா செல், அவற்றை வளர்க்கும் ஜீன்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். கருவளர்ச்சி என் பாடம். சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளின் பெற்றோர் மாதம் ஒருமுறை கூடுகிற இடத்துக்கும் சில வருடங்களாகப் போய் வருகிறேன். வகுப்பில் மாணவர்கள் கேட்பதும் அங்கே அம்மாக்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். வாயால் பதில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்று விட்டுப்போகிறது. அதனால் அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதில்களைச் சேர்த்திருக்கிறேன். மருந்து மாத்திரை விஷயத்தில் முடிவு எடுக்க உங்கள் மருத்துவரிடம்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்குப் போகும் முன் படித்துக்கொள்ள இது உதவும்.

கணையம் செரிமான உறுப்புதானே மேடம்? அதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு வேலைகளையும் அதுவே செய்கிறது. கணையத்தின் பெரும்பகுதி செரிமான நொதிகளைச் சுரந்து குழாய் வழியாக முன்சிறுகுடலுக்கு அனுப்புகிறது. அந்தத் திசுவுக்கு நடுவே சிறுசிறு தீவுகள் போலச் செல் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1869இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் அவற்றை முதலில் விவரித்தார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியாது. இன்று அவற்றை லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்கிறோம்.

வளர்ந்த மனிதரின் கணையத்தில் ஏறத்தாழ 10 லட்சம் திட்டுகள் உண்டு. ஆனாலும் மொத்த எடையில் 1 முதல் 2 சதவீதம்தான் வரும். அந்தத் திட்டுகளுக்குள் இருக்கும் பீட்டா செல்கள் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்கின்றன, ஆல்ஃபா செல்கள் அதை ஏற்றும் குளுக்ககானைச் சுரக்கின்றன. டெல்டா போன்ற வேறு வகைகளும் உண்டு. இந்தப் பக்கம் முழுக்கப் பேசப்போவது பீட்டா செல்லைப் பற்றித்தான்: அது எப்படி உண்டாகிறது, எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது, எங்கே தவறுகிறது.

எல்லா செல்லிலும் ஒரே டிஎன்ஏதான் என்கிறீர்கள். அப்போ கண்ணில் ஏன் இன்சுலின் சுரப்பதில்லை?

எல்லாக் கேள்விகளுக்கும் வாசல் இதுதான். இன்சுலின் ஜீன் நம் 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. கண்ணில், தோலில், எலும்பில் உள்ள செல்களிலும் அது அப்படியே இருக்கிறது. அங்கெல்லாம் அது மூடிக்கிடக்கிறது, பீட்டா செல்லில் மட்டும் திறந்திருக்கிறது.

நாதஸ்வரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். துளைகள் எல்லாக் குழலிலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. எந்த நேரத்தில் எந்தத் துளையை விரல் மூடுகிறது, எதைத் திறக்கிறது என்பதில்தான் தோடியும் கல்யாணியும் பிரிகின்றன. ஜீன்களைத் திறந்து மூடும் விரல்கள்தான் ஒழுங்குபடுத்திகள். ஒரே ஒரு விரலால் ராகம் வராது. இங்கேயும் அப்படித்தான், பல ஒழுங்குபடுத்திகள் ஒன்றுசேர்ந்தால்தான் ஒரு செல்லுக்கு அடையாளம் கிடைக்கிறது.

ஒழுங்குபடுத்தி என்பது ஜீனா, புரதமா? புத்தகத்தில் இரண்டு மாதிரியும் போட்டிருக்கிறதே?

ஜீனிலிருந்து உருவாகும் புரதம் அது. மற்ற புரதங்கள் பல, உருவானதும் தங்கள் வேலைக்குப் போய்விடுகின்றன. இது மட்டும் உட்கருவுக்குள் திரும்பி வந்து, டிஎன்ஏவில் குறிப்பிட்ட எழுத்து வரிசையைத் தேடி உட்கார்ந்து, பக்கத்தில் உள்ள இன்னொரு ஜீனைப் படியெடுக்க வைக்கிறது, அல்லது தடுக்கிறது. பாடப்புத்தகத்தில் படியெடுத்தல் காரணி என்று வருவது இதைத்தான். ஜீனுக்கும் புரதத்துக்கும் ஒரே பெயர் வைத்துவிடுவதால்தான் இந்தக் குழப்பம்.

இன்னொன்றும் உண்டு. ஒழுங்குபடுத்தி வந்து உட்காரும் டிஎன்ஏ துண்டு எந்தப் புரதத்தையும் தருவதில்லை, ஆனால் அது கெட்டாலும் வேலை கெடும். கணையமே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் பற்றிய பதிலில் இதற்கு ஓர் உதாரணம் வருகிறது.

கருவில் கணையம் எப்போது தோன்றுகிறது?

கருத்தரித்து 4 வாரம் ஆகும்போது. பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பமாக இருப்பதே அப்போதுதான் தெரியவரும். கருவின் குடல் குழாயின் முதுகுப்பக்கம் ஒரு மொட்டும், வயிற்றுப்பக்கம் இன்னொரு மொட்டும் துளிர்க்கின்றன. குடல் திரும்பும்போது வயிற்றுப்பக்க மொட்டும் சுற்றி வந்து மற்றதோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறேழு வாரத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். இன்சுலின் உள்ள செல்கள் சுமார் 8 வாரத்தில் கண்ணில் படுகின்றன.

மொட்டு அந்த இடத்தில்தான் முளைக்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? அக்கம்பக்கத்துத் திசுக்கள். பின்னால் முதுகெலும்பு வரப்போகும் இடத்தில் முதுகுநாண் என்று ஒரு தண்டு ஓடுகிறது. குடல் குழாயில் பரவியிருக்கும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞையைத் தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் மட்டும் அது அடக்கிவிடுகிறது. எங்கே அடங்குகிறதோ அங்கே முதுகுப்பக்க மொட்டு முளைக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் மெல்டனின் குழு 1998இல் இதைக் காட்டியது. உறுப்பு உண்டாவதற்கு ஒன்றை அடக்கவும் வேண்டியிருக்கிறது என்பதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்கு அது புதிதாகவே இருக்கிறது.

பிடிஎக்ஸ்1 என்ற பெயர் எல்லா இடத்திலும் வருகிறது. அதில் அப்படி என்ன விசேஷம்?

மொட்டு விடப்போகும் அந்தச் சிறு இடத்தில் சீக்கிரமே விழித்துக்கொள்ளும் ஒழுங்குபடுத்தி அது. 1994இல் ஸ்வீடனின் உமியோ நகரில் ஒரு குழு இந்த ஜீனை எலிகளில் நீக்கிப் பார்த்தது. எலிக்குட்டிகள் கணையம் இல்லாமல் பிறந்து, சில நாட்களில் இறந்தன. குடல், கல்லீரல் எல்லாம் இருந்தன, கணையம் மட்டும் இல்லை. அந்தக் காலத்தில் இந்த ஜீனை வெவ்வேறு ஆய்வகங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்து ஐபிஎஃப்1, ஐடிஎக்ஸ்1, எஸ்டிஎஃப்1 என்று பெயர் வைத்திருந்தன. பழைய கட்டுரைகளில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

1997இல் மனிதரிலும் அது உறுதியானது. கணையம் இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு இந்த ஜீனின் இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தன. ஒரே ஓர் எழுத்துதான் விட்டுப்போயிருந்தது. ஒரு பிரதி மட்டும் கெட்டிருந்த உறவினர்களுக்குக் கணையம் இருந்தது, ஆனால் அவர்களில் பலருக்கு இளம் வயதிலேயே சர்க்கரை வந்தது. இரண்டும் போனால் உறுப்பே இல்லை, ஒன்று போனால் உறுப்பு இருந்தும் வேலைக்குப் போதவில்லை. இந்த "அளவு" விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இனியும் திரும்பத் திரும்ப வரும்.

கணையம் வளர்ந்து முடிந்த பிறகு பிடிஎக்ஸ்1 பெரும்பாலும் பீட்டா செல்களில் தங்கி, இன்சுலின் ஜீனின் முன்பகுதியில் உட்கார்ந்து அதை இயக்குகிறது. முதலில் உறுப்பைக் கட்டிய அதே புரதம் பிறகு அன்றாட வேலையைப் பார்க்கிறது.

கணையமே இல்லாமல் பிறந்த குழந்தை பிழைக்குமா?

பிழைக்கும். மிக மிக அபூர்வமான நிலை இது. பிறந்தவுடனே இன்சுலின் தேவைப்படும். நொதி இல்லாததால் பால் செரிக்காது, நொதி மருந்தும் கொடுக்க வேண்டும். கருவிலேயே இன்சுலின் இல்லாததால் எடை மிகக் குறைவாகப் பிறப்பார்கள், ஏனென்றால் கருவின் வளர்ச்சிக்கும் இன்சுலின் வேண்டும். கவனித்துப் பார்த்துக்கொண்டால் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள்.

காரணங்களில் பிடிஎக்ஸ்1 ஒன்று மட்டுமே. பிடிஎஃப்1ஏ என்ற ஒழுங்குபடுத்தி கெட்டால் கணையத்தோடு சிறுமூளையும் உருவாவதில்லை (2004இல் தெரிந்தது). 2012இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் குழு இந்த நிலையுள்ள 27 பேரைப் பரிசோதித்தபோது 15 பேருக்கு காட்டா6 என்ற ஜீனில் மாற்றம் இருந்தது. அவர்களில் பலருக்கு இதயக் குறையும் இருந்தது. பெரும்பாலும் பெற்றோரிடம் இல்லாமல் குழந்தையிடம் புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது.

முன்னே சொன்ன உதாரணம் இதோ. சில குழந்தைகளுக்குக் கணையம் இல்லை, சிறுமூளை நன்றாக இருக்கிறது, பிடிஎஃப்1ஏ ஜீனிலும் எந்தப் பிழையும் இல்லை. 2014இல் விடை கிடைத்தது. ஜீனிலிருந்து சுமார் 25,000 எழுத்துகள் தள்ளி, 400 எழுத்து அளவுள்ள ஒரு துண்டு இருக்கிறது. கணையத்தில் மட்டும் அந்த ஜீனை இயக்கும் சுவிட்ச் அதுதான். கெட்டது அந்தச் சுவிட்ச். சிறுமூளைக்கு வேறு சுவிட்ச் இருப்பதால் அது தப்பித்தது.

எலியில் பார்த்ததை மனிதனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் பொருந்தும், ஆனால் அப்படியே நம்பக் கூடாது. காட்டா6 நல்ல உதாரணம். மனிதரில் ஒரு பிரதி போனாலே கணையம் உருவாகாமல் போகலாம். எலியில் ஒன்று போனால் ஒன்றும் ஆவதில்லை. காட்டா4, காட்டா6 இரண்டையும் கணையத்திலிருந்து முழுவதும் நீக்கினால்தான் எலிக்குக் கணையம் உருவாகாமல் போகிறது. அதாவது மனிதக் கருவுக்கு அளவு விஷயத்தில் தாங்கும் சக்தி குறைவு.

பீட்டா செல்லிலும் வித்தியாசம் உண்டு. மாஃப்பி என்ற ஒழுங்குபடுத்தி வளர்ந்த எலியின் பீட்டா செல்லில் நின்றுபோய் ஆல்ஃபா செல்லில் மட்டும் இருக்கிறது. மனிதரில் பெரியவர்களின் பீட்டா செல்லிலும் அது இருக்கிறது. "எலிக்கு சர்க்கரை குணமானது" என்று செய்தி வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே மொட்டில் இருந்து வந்த செல்களில் சில நொதி செல்லாகவும் சில பீட்டா செல்லாகவும் போவது எப்படி?

நியூரோஜெனின்3 என்ற ஒழுங்குபடுத்தி எந்த செல்லில் சிறிது நேரம் விழிக்கிறதோ, அது ஹார்மோன் செல் ஆகும். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் குழு 2000இல் இதை எலியில் நீக்கியபோது கணையம் இருந்தது, நொதி இருந்தது, ஆனால் ஆல்ஃபா, பீட்டா, டெல்டா என ஒரு ஹார்மோன் செல்கூட இல்லை.

அப்படியானால் எல்லா செல்லும் ஏன் ஹார்மோன் செல் ஆகிவிடவில்லை? பக்கத்துச் செல்கள் ஒன்றையொன்று தடுக்கின்றன. நியூரோஜெனின்3 கொஞ்சம் அதிகமாக விழித்த செல், நாட்ச் என்ற சமிக்ஞை வழியே தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்லுக்கு "நீ இப்போது வேண்டாம்" என்று சொல்கிறது. தடுக்கப்பட்ட செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும், பிறகு வேறு வேலைக்குப் போகும். இதே ஏற்பாடு நரம்பு செல்கள் உண்டாகும் இடத்திலும் இருக்கிறது. பெயரில் "நியூரோ" இருப்பது அதனால்தான்.

நேரமும் முக்கியம். எலிக்கருவில் இந்த ஒழுங்குபடுத்தியைச் சீக்கிரம் இயக்கினால் பெரும்பாலும் ஆல்ஃபா செல்கள் கிடைக்கின்றன, சில நாட்கள் தாமதித்து இயக்கினால் பீட்டா செல்கள் வருகின்றன. 2007இல் வந்த இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. விதைத்தது அதே விதை. ஆடியில் விதைத்தோமா, ஐப்பசியில் விதைத்தோமா என்பதைப் பொறுத்து இங்கே பயிரே மாறிவிடுகிறது.

ஆல்ஃபாவா பீட்டாவா என்பதைக் கடைசியில் யார் முடிவு செய்கிறார்கள்?

ஏஆர்எக்ஸ், பாக்ஸ்4 என்று இரண்டு ஒழுங்குபடுத்திகள் ஒன்றையொன்று அடக்குகின்றன. ஏஆர்எக்ஸ் ஜெயித்தால் ஆல்ஃபா, பாக்ஸ்4 ஜெயித்தால் பீட்டா. எலியில் பாக்ஸ்4ஐ நீக்கினால் பீட்டா செல்கள் காணாமல் போய் ஆல்ஃபா செல்கள் கூடுகின்றன. ஏஆர்எக்ஸை நீக்கினால் நேர்மாறு. அதன் பிறகு என்கேஎக்ஸ்6.1, நியூரோடி1 போன்றவை பீட்டா அடையாளத்தை உறுதி செய்கின்றன. கடைசியாக மாஃப்ஏ வந்து, சர்க்கரையின் அளவுக்குத் தக்கபடி இன்சுலின் விடும் பக்குவத்தைக் கொடுக்கிறது.

மேடம், ஆல்ஃபா செல்லைப் பீட்டா செல்லாக மாற்றும் மாத்திரை இருக்கிறதாமே?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2009இல் எலியின் ஆல்ஃபா செல்லில் பாக்ஸ்4ஐ வலுக்கட்டாயமாக இயக்கியபோது அவை பீட்டா செல்லாக மாறின. பிறகு 2017 ஜனவரியில், மலேரியா மருந்தான ஆர்ட்டிமெதரும் காபா என்ற பொருளும் அதே மாற்றத்தைச் செய்கின்றன என்று இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. உலகமே பரபரப்பானது.

மற்ற ஆய்வகங்கள் திரும்பச் செய்து பார்த்தன. 2018இல் வந்த மறு ஆய்வுகளில் அந்த மாற்றம் தென்படவில்லை. ஆகவே காபா மாத்திரையை ஆன்லைனில் வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். ஒரு அப்பா அப்படி வாங்கிவிட்டு, இன்சுலினைக் குறைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். கூடவே கூடாது என்று சொன்னேன். அவருடைய ஆசையில் தப்பே இல்லை, அந்தப் பொருளுக்கு அந்தச் சக்தி இருப்பதாக நிரூபணமாகவில்லை.

கருவில் பீட்டா செல் உண்டானதோடு இந்த ஜீன்களின் வேலை முடிந்துவிடுமா?

முடியாது. நான் சொல்ல விரும்புவதிலேயே முக்கியமானது இதுதான். பீட்டா செல்லைப் பீட்டா செல்லாகவே வைத்திருக்க இந்த ஒழுங்குபடுத்திகள் வாழ்நாள் முழுவதும் தினமும் உழைக்க வேண்டும். வளர்ந்த எலியின் பீட்டா செல்லில் இருந்து பிடிஎக்ஸ்1ஐ நீக்கினால் அது இன்சுலினை விட்டுவிட்டு ஆல்ஃபா செல்லின் குணங்களை எடுத்துக்கொள்கிறது. என்கேஎக்ஸ்6.1ஐ நீக்கினால் டெல்டா செல்லின் பக்கம் சாய்கிறது. செல் சாவதில்லை, தான் யார் என்பதை மறந்துவிடுகிறது.

நியூயார்க்கில் டொமெனிகோ அக்கிலியின் குழு 2012இல் இதைச் சர்க்கரை நோயோடு இணைத்தது. ஃபாக்ஸோ1 என்ற ஒழுங்குபடுத்தி இல்லாத பீட்டா செல்கள், பல குட்டிகள் ஈன்றது போன்ற சுமை வந்தபோது இன்சுலினை இழந்து, கருவில் இருந்த முதிராத நிலைக்குத் திரும்பின. இறந்துபோனவை என்று நினைத்த பல செல்கள் அடையாளம் இழந்து அங்கேயே இருந்தன. டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை நோய்) உள்ள மனிதர்களின் திட்டுகளிலும் பிடிஎக்ஸ்1, என்கேஎக்ஸ்6.1, மாஃப்ஏ குறைந்திருப்பதை 2013இல் வந்த ஆய்வு காட்டியது.

ரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் அதிகமாக நின்றால் இந்த ஒழுங்குபடுத்திகள் தளர்கின்றன. தளர்ந்தால் இன்சுலின் குறையும், சர்க்கரை இன்னும் ஏறும். எலிகளில் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கியபோது அடையாளம் இழந்த செல்களில் ஒரு பகுதி மறுபடியும் பீட்டா செல்லாகத் திரும்பின (2014). டைப் 2 உள்ளவர்களுக்கு மருத்துவர் ஆரம்பத்திலேயே சில வாரம் இன்சுலின் போடச் சொன்னால் பயந்து மறுக்காதீர்கள். களைத்த செல்லுக்கு அது ஓய்வாக அமையலாம்.

என் மகளுக்கு டைப் 1. நான் கொடுத்த ஜீனில்தான் கோளாறா?

கணையத்தைக் கட்டும் ஜீன்களில் கோளாறு இல்லை. டைப் 1இல் கணையம் சரியாக உருவாகி, பீட்டா செல்லும் சரியாக வளர்ந்து, பிறகு உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தாக்குகிறது. மரபுச் சாய்வு உண்டு, அது பெரும்பாலும் எதிர்ப்புச் சக்தியின் ஜீன்களில். நீங்கள் சாப்பிட்டதோ சாப்பிடாததோ காரணம் இல்லை.

எங்கள் வீட்டில் தாத்தாவிலிருந்து எல்லோருக்கும் டைப் 2. இது ஒரே ஜீனா?

இல்லை. நூற்றுக்கணக்கான இடங்களில் உள்ள சின்னச் சின்ன வேறுபாடுகள் சேர்ந்து ஆபத்தைக் கூட்டுகின்றன, அதோடு உணவு, உடலுழைப்பு, எடை எல்லாம் சேர்கின்றன. 2006இல் ஐஸ்லாந்தில் கண்டறிந்த டிசிஎஃப்7எல்2தான் அவற்றில் வலுவான ஒன்று, அதுவும் ஓர் ஒழுங்குபடுத்திதான். வேறுபாடு இருப்பது புரதத்தை எழுதும் பகுதியில் இல்லை. டைப் 2க்கான வேறுபாடுகளில் பெரும்பாலானவை இப்படித்தான், சுவிட்சுகள் உள்ள இடங்களில் கிடக்கின்றன. சுவிட்ச் முழுவதும் கெட்டால் என்ன ஆகும் என்பதைக் கணையம் இல்லாத குழந்தைகளின் கதையில் பார்த்தோம். இங்கே அது லேசாகத் தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மோடி (MODY) என்று ஒரு சர்க்கரை நோய் இருக்கிறதாமே, அது என்ன?

ஒரே ஒரு ஜீன் கெட்டு, இளம் வயதில், தலைமுறை தலைமுறையாக வரும் வகை அது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. இதற்குக் காரணமான ஜீன்களில் பல ஒழுங்குபடுத்திகள்தான், சிலவற்றை இந்தப் பக்கத்திலேயே பார்த்தோம்: எச்என்எஃப்1ஏ, எச்என்எஃப்4ஏ, எச்என்எஃப்1பி, பிடிஎக்ஸ்1, நியூரோடி1. குளுக்கோகைனேஸ் என்ற நொதியின் ஜீனும் பட்டியலில் உண்டு. அந்த வகையில் சர்க்கரை கொஞ்சமாக ஏறி அங்கேயே நிற்கும், கர்ப்ப காலம் தவிரப் பெரும்பாலும் மருந்தே வேண்டாம்.

எச்என்எஃப்1ஏ, எச்என்எஃப்4ஏ வகைகளுக்கு கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற பழைய, விலை குறைந்த மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன. டைப் 1 என்று நினைத்து வருடக்கணக்கில் ஊசி போட்டவர்கள் மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். எச்என்எஃப்1பி வகையில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருக்கும், கணையமும் சிறிதாக இருக்கும். எச்என்எஃப்4ஏ உள்ள குழந்தைகள் அதிக எடையோடு பிறந்து, முதல் நாட்களில் சர்க்கரை தாழ்ந்து, பல வருடம் கழித்துச் சர்க்கரை நோய்க்குள் போகிறார்கள். ஒரே ஜீன் இரண்டு பருவத்தில் இரண்டு நேரெதிர் விளைவைத் தருகிறது.

நம் ஊர்ப் பங்கும் இதில் உண்டு. சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் வேறு சில ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து, தென்னிந்தியாவில் மோடி என்று கருதப்பட்ட 152 பேரின் ஜீன்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டன. அதில் என்கேஎக்ஸ்6.1 ஜீனிலும் மோடிக்குக் காரணமாகக்கூடிய மாற்றம் இருப்பதாகத் தெரிவித்தார்கள். எலியில் பீட்டா அடையாளத்தைக் காப்பது என்று மேலே பார்த்தோமே, அதே ஜீன்தான்.

அப்போ எல்லோரும் ஜீன் டெஸ்ட் எடுத்துவிடலாமா?

வேண்டாம். பணமும் போகும், குழப்பமும் மிஞ்சும். ஆனால் ஒரு கூட்டத்துக்குக் கட்டாயம் வேண்டும்: பிறந்து 6 மாதத்துக்குள் சர்க்கரை நோய் வந்த குழந்தைகள். அந்த வயதில் வருவது பெரும்பாலும் ஒற்றை ஜீன் கோளாறு. அவர்களில் கேசிஎன்ஜே11 என்ற ஜீன் மாறியவர்களில் பெரும்பாலோர் ஊசியை விட்டு மாத்திரைக்கு மாற முடிகிறது. அது ஒழுங்குபடுத்தி இல்லை, பீட்டா செல்லில் பொட்டாசியம் போகும் கதவு. அதைத் தவறவிட்டால் ஒரு குழந்தை தேவையில்லாமல் ஆயிரக்கணக்கான ஊசிகளைத் தாங்க வேண்டும். இப்போது சிறுவனோ சிறுமியோ ஆகிவிட்டாலும், சர்க்கரை வந்தது 6 மாதத்துக்குள் என்றால் இப்போதும் கேளுங்கள்.

மற்றவர்களில், 25 வயதுக்குள் சர்க்கரை வந்து, டைப் 1க்கான எதிரணுப் பரிசோதனைகள் இல்லை என்று வந்து, சி-பெப்டைட் (உடம்பே செய்யும் இன்சுலினின் தடம்) நன்றாக இருந்து, உடல் பருமன் இல்லாமல், மூன்று தலைமுறை வரலாறும் இருந்தால் மருத்துவரிடம் பேசலாம். நம் நாட்டில் டைப் 2வே இளம் வயதில், குடும்பம் குடும்பமாக வருகிறது. அதனால் தாத்தா, அப்பா, பிள்ளை என்ற வரிசையை மட்டும் வைத்து மோடி என்று சொல்லிவிட முடியாது.

கர்ப்பத்தில் நான் சரியாகச் சாப்பிடவில்லை. குழந்தையின் கணையம் பாதித்திருக்குமா?

ஒரு வேளை இரண்டு வேளை சாப்பிடாததால் ஒன்றும் ஆகாது. கடுமையான பட்டினிக்குத் தடயம் உண்டு. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது வயிற்றில் இருந்தவர்கள், நடுத்தர வயதில் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தவர்களாக இருந்தார்கள். எலிகளில், கர்ப்பப்பையில் ஊட்டம் குறைந்து வளர்ந்த குட்டிகளின் திட்டுகளில் பிடிஎக்ஸ்1 ஜீன் எழுத்து மாறாமலேயே படிப்படியாகப் பூட்டப்படுவதை 2008இல் கண்டார்கள்.

இன்னோர் எலி ஆய்வு (2007) கணையத்தின் தனிக் குணத்தைக் காட்டுகிறது. கருவில் கணைய முன்னோடி செல்களில் ஒரு பகுதியை அழித்தால், பிறக்கும்போது கணையம் சிறிதாகவே இருந்தது. கல்லீரலில் அதே மாதிரி செய்தால் அது மீண்டும் வளர்ந்து கணக்கைச் சரிசெய்துவிட்டது. கணையத்துக்கு அந்த வசதி இல்லை. இதைச் சொல்வது எந்த அம்மாவையும் குற்றம் சொல்ல இல்லை. கர்ப்பிணிக்கு நல்ல சாப்பாடு கிடைக்கச் செய்வது வீட்டின், ஊரின், அரசின் பொறுப்பு என்பதற்காகச் சொல்கிறேன்.

ஸ்டெம் செல்லில் இருந்து பீட்டா செல் செய்து உடம்பில் வைக்கிறார்களாமே?

உண்மை. ஸ்டெம் செல் என்பது பல வகை செல்லாக வளரக்கூடிய செல். கரு போகும் வழியிலேயே போனதால்தான் அது கைகூடியது. முதலில் குடல் குழாய், பிறகு பிடிஎக்ஸ்1 விழிக்கும் நிலை, பிறகு என்கேஎக்ஸ்6.1, பிறகு நியூரோஜெனின்3, கடைசியில் இன்சுலின். ஒவ்வொரு நிலைக்கும் உரிய சமிக்ஞைகளை உரிய நாளில் செல் வளரும் ஆய்வகத் தட்டில் சேர்க்கிறார்கள். 2006இல் முதலில் கிடைத்தவை முதிராத செல்கள். 2014இல் மெல்டனின் ஹார்வர்ட் குழுவும் இன்னொரு குழுவும், சர்க்கரைக்குத் தக்கபடி இன்சுலின் விடும் செல்களைக் கொடுத்தன. மெல்டனின் சொந்தப் பிள்ளைகள் இருவருக்கும் டைப் 1 என்பது அவரே பல முறை பொதுவில் சொன்னது.

அந்த வழியில் வந்த வெர்டெக்ஸ் நிறுவனத்தின் செல்களை டைப் 1 உள்ள 12 பேருக்கு முழு அளவில் கல்லீரலின் ரத்தக்குழாய் வழியே செலுத்தினார்கள். ஓராண்டு முடிவில் 10 பேருக்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை (2025). பெரிய விஷயம்தான். ஆனால் எல்லோரும் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். அந்த ஆய்வில் ஒருவர் மூளையுறைத் தொற்றால் இறந்தார். ஆபத்தான தாழ்சர்க்கரை அடிக்கடி வருகிற பெரியவர்களுக்குத்தான் இப்போது இந்தக் கணக்கு பொருந்தும், ஊசியோடு நன்றாக இருக்கும் குழந்தைக்குப் பொருந்தாது.

"ஸ்டெம் செல் ஊசி போட்டுச் சர்க்கரையைக் குணமாக்குகிறோம்" என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் போகாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த சம்பந்தமான சில நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்று தவிர மற்றவை எல்லாம் ஆராய்ச்சி மட்டுமே. ஆராய்ச்சியில் சேர யாரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது.

ஓர் எலிக்குள் வேறு விலங்கின் கணையம் வளர்ந்ததாகப் படித்தேன். நிஜமா?

நிஜம். பிடிஎக்ஸ்1 இல்லாத கருவில் கணையத்தின் இடம் காலியாக இருக்கும் என்று பார்த்தோம். ஜப்பானில் ஹிரோமிட்சு நகாவுச்சியின் குழு, அப்படிப்பட்ட சுண்டெலிக் கருவில் பெரிய எலியின் ஸ்டெம் செல்லைச் சேர்த்தது (2010). அந்தக் காலி இடத்தில் பெரிய எலியின் செல்லாலான கணையம் வளர்ந்தது. 2017இல் திருப்பிச் செய்தார்கள். பிடிஎக்ஸ்1 இல்லாத பெரிய எலிக்குள் சுண்டெலியின் கணையத்தை வளர்த்து, அதன் திட்டுகளை எடுத்துச் சர்க்கரை நோயுள்ள சுண்டெலிகளுக்கு வைத்தார்கள். ஓராண்டுக்கு மேல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. முதல் சில நாட்களுக்குத்தான் எதிர்ப்பு அடக்கும் மருந்து தேவைப்பட்டது.

பன்றிக்குள் மனிதக் கணையம் என்பதுதான் இதன் தூரத்துக் கனவு. மனித செல் அந்தப் பிராணியின் மூளைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு நல்ல பதில் வரும் வரை மெதுவாகப் போவதுதான் சரி என்பது என் கருத்து.

ஜீனை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவியை வைத்துக் கெட்ட ஜீனைத் திருத்திவிட முடியாதா?

கணையம் கட்டப்படுவது முதல் சில வாரங்களில். பிறந்த பிறகு பிடிஎக்ஸ்1ஐத் திருத்தினாலும் இல்லாத உறுப்பு முளைக்காது. வேறு வழி ஒன்று உண்டு: நோயாளியின் செல்லை வெளியே எடுத்து, ஸ்டெம் செல்லாக்கி, ஜீனைத் திருத்தி, பீட்டா செல்லாக வளர்ப்பது. வுல்ஃப்ராம் நோய்க்குறி (ஒற்றை ஜீன் கெட்டுச் சர்க்கரை நோயும் வரும் நிலை) உள்ள ஒருவரின் செல்லில் 2020இல் அப்படிச் செய்து, அந்தச் செல்களால் எலிகளின் சர்க்கரை நோயைச் சரியாக்கினார்கள். மனிதர்களுக்கு வர இன்னும் தூரம் இருக்கிறது.

மிஸ், எனக்குள்ளே ஒரு பீட்டா செல்கூட மிச்சம் இல்லையா?

இதைக் கேட்டவனுக்கு 11 வயது. டைப் 1 வந்து 4 வருடம் ஆகியிருந்தது. அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டனில் ஜோஸ்லின் மையம் என்று ஒன்று இருக்கிறது. டைப் 1 வந்து 50 வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர்களுக்கு அங்கே பதக்கம் கொடுக்கிறார்கள். அவர்களில் பலருடைய ரத்தத்தில் இன்னும் கொஞ்சம் சி-பெப்டைட் இருந்தது, அதாவது உடம்பே செய்த இன்சுலினின் தடம். இறந்த பிறகு 9 பேருடைய கணையத்தைப் பார்த்தார்கள். 9 பேரிலும் இன்சுலின் உள்ள செல்கள் இருந்தன, 2010இல் அதை எழுதி வெளியிட்டார்கள். உனக்குள் எத்தனை இருக்கிறது என்று என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. ஆனால் 50 வருடம் கழித்தும் அவர்களுக்குள் சில செல்கள் தாங்கள் யார் என்பதை மறக்கவில்லை.

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தப் பதக்கம் தங்கமா என்று கேட்டான்.